வெளியீட்டுக் கட்டணத்தை நூலகம் தருமா? ஏற்புக் கடிதத்தோடு காத்திருக்கும் ஆய்வாளருக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டது இது: திறந்த அணுகல் இதழ் ஒன்று, அதாவது யாரும் பணம் தராமல் படிக்கக்கூடிய இதழ், உங்கள் கட்டுரையை ஏற்றுக்கொண்டிருக்கிறது, வெளியீட்டுக் கட்டணம் கட்டச் சொல்கிறது, உங்களிடம் ஆய்வு நல்கை (ஆய்வுக்கென்று தரப்படும் நிதி) எதுவும் இல்லை. பல்கலைக்கழக நூலகம் இதற்குப் பணம் தரும் என்று யாரோ சொன்னார்கள். அது உண்மையா, எப்படிக் கேட்பது, அப்படிக் கேட்பது முறைதானா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் பலரைத் தடுப்பது அந்தத் தயக்கம்தான். தாராளமாகக் கேளுங்கள். நூலகம் காலங்காலமாக இதழ்களுக்குச் சந்தா கட்டிவருகிறது. ஆய்வு வெளியாவதற்கான செலவு இதுவரை படிப்பவர் பக்கத்திலிருந்து, அதாவது நூலகத்தின் பட்ஜெட்டிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. திறந்த அணுகலில் படிப்பவர் எதுவும் தர வேண்டியதில்லை என்பதால் பல இதழ்கள் அந்தச் செலவை எழுதுபவர் பக்கம் திருப்பிவிட்டன. செலவு இடம் மாறிய இடத்துக்குப் பணமும் போக வேண்டும் என்பதே நூலகங்கள் வைத்திருக்கும் வெளியீட்டு நிதிகளின் அடிப்படை நியாயம். உங்கள் சம்பளத்திலிருந்தோ உதவித்தொகையிலிருந்தோ கட்ட வேண்டிய பணம் அல்ல இது.

இது புதிய பழக்கமும் அல்ல. பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2008-இலேயே இப்படியொரு நிதியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அதுவும் கார்னெல், டார்ட்மவுத், ஹார்வர்ட், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் ஆகியவையும் சேர்ந்து ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன: வேறு நிதி இல்லாத தங்கள் ஆய்வாளர்களின் கட்டணத்தை ஏற்க நிலையான ஓர் ஏற்பாட்டைச் செய்வோம் என்பது அதன் சாரம். ஜெர்மனியில் ஆராய்ச்சி நிதி அமைப்பான டி.எஃப்.ஜி. 2010 முதல் பல்கலைக்கழகங்களுக்கு இதற்கெனப் பணம் தந்தது. கட்டுரைக்கு 2,000 யூரோதான் உச்சம், சந்தா இதழ்களுக்குக் கிடையாது, பல்கலைக்கழகமும் தன் பங்கைப் போட வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். இன்று பல நூலகங்களின் இணையதளங்களில் காணும் விதிகளில் இந்தப் பழைய ஏற்பாடுகளின் சாயலைப் பார்க்கலாம்.

இனி, பணம் வரும் வழிகள். "நூலக நிதி" என்று எல்லோரும் ஒரே சொல்லால் சொல்வதற்குள் வெவ்வேறு மூன்று ஏற்பாடுகள் இருக்கின்றன. எது உங்களுக்குப் பொருந்தும் என்று தெரியாமல் விண்ணப்பம் போடுவதால்தான் பாதிக் குழப்பம்.

முதலாவது, நீங்கள் கேள்விப்பட்ட அந்த நிதி. படிவம் நிரப்புகிறீர்கள், நூலகம் பார்க்கிறது, ஒப்புதல் தந்தால் பதிப்பகத்துக்கு நேரடியாகப் பணம் போகிறது. ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒதுக்கியிருப்பார்கள், முதலில் வருபவருக்கு முதலில் கிடைக்கும். நிதியாண்டின் பிற்பாதியில் பணம் தீர்ந்துபோவது மிகச் சாதாரணம். அப்போது வரும் மறுப்புக்கும் உங்கள் கட்டுரையின் தரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இரண்டாவது, பதிப்பகத்தோடு நூலகமோ நூலகக் கூட்டமைப்போ போட்டிருக்கும் ஒப்பந்தம். முன்பு படிப்பதற்கு மட்டும் பணம் கட்டினார்கள். இப்போது அதே தொகைக்குள்ளோ அதைச் சற்றுக் கூட்டியோ, அந்நிறுவனத்தவரின் கட்டுரைகளைத் திறந்து வெளியிடும் உரிமையையும் சேர்த்து வாங்குகிறார்கள். ஜெர்மனியின் டீல் கூட்டமைப்பு 2019-இல் வைலியோடும், 2020-இல் ஸ்பிரிங்கர் நேச்சரோடும், 2023-இல் எல்சவியரோடும் இப்படி உடன்பட்டது. கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2019-இல் எல்சவியரின் சந்தாவையே நிறுத்தி, இரண்டு ஆண்டுகள் பொறுத்திருந்து, 2021 மார்ச்சில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தது. அதன்படி ஒவ்வொரு கட்டுரைக்கும் முதல் 1,000 டாலரை நூலகம் தரும். மிச்சத்தை, நல்கை வைத்திருப்பவர் நல்கையிலிருந்து தர வேண்டும். இல்லாதவருக்கு முழுத் தொகையையும் நூலகமே ஏற்கும். உங்களைப் போன்றவரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி அது. இப்படி நல்கையையும் நூலகப் பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்ப்பதுதான் நேர்மையான ஏற்பாடு என்பது என் எண்ணம்.

இந்த இரண்டாவது வழியைத்தான் ஆய்வாளர்கள் மிக அதிகமாகத் தவறவிடுகிறார்கள். காரணம் பணம் அல்ல, படிவத்தில் நிரப்பும் சில கட்டங்கள். ஒப்பந்தம் உங்களுக்குப் பொருந்துமா என்பதைப் பதிப்பகத்தின் கணினி அமைப்பு முடிவு செய்கிறது. அது பார்ப்பது தொடர்புக் கட்டுரையாளர், அதாவது கட்டுரைக்காக இதழோடு மடல் தொடர்பு வைத்திருப்பவர், யார் என்பதை. முதல் பெயருக்குரியவரையோ ஆய்வை நடத்திய பேராசிரியரையோ அல்ல. அவர் எந்த நிறுவனத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தார், எந்த மின்னஞ்சல் முகவரி கொடுத்தார் என்பதை வைத்தே அடையாளம் காண்கிறது. பல்கலைக்கழக முகவரிக்குப் பதிலாகத் தனிப்பட்ட முகவரியைக் கொடுத்தாலோ, துறையின் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்காமல் விட்டாலோ, உங்களுக்கு உரிமையிருந்தும் கட்டணச் சீட்டு உங்கள் பெயருக்கே வந்து நிற்கும். பார்த்துப் பதறிப்போய்ச் சொந்த அட்டையில் கட்டியவர்களை எனக்குத் தெரியும். பிறகு அந்தப் பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. ஒப்பந்தத்தின்படி அந்தக் கட்டுரைக்கான செலவு ஏற்கெனவே அடங்கிவிட்டது என்பதால், நூலகத்தாலும் தனியாக எடுத்துத் தர முடியாது.

தேதியும் முக்கியம். சில ஒப்பந்தங்கள் கட்டுரையைச் சமர்ப்பித்த நாளைக் கணக்கில் எடுக்கின்றன, சில ஏற்புத் தேதியை. ஆய்வுக் கட்டுரை, முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் மறுஆய்வுக் கட்டுரை ஆகியவை பொதுவாக உள்ளே வரும். ஆசிரியருக்குக் கடிதம், தலையங்கம் போன்றவை வெளியே நிற்கும். பதிப்பகத்தின் பெயர் ஒப்பந்தத்தில் இருந்தாலும் குறிப்பிட்ட இதழ் பட்டியலில் இல்லாமல் போகலாம். சிலவற்றில் ஆண்டுக்கு இத்தனை கட்டுரைகள்தான் என்ற வரம்பும் உண்டு. இவையெல்லாம் நூலகத்தில் இருக்கும் ஒருவருக்குச் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அதனால்தான் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது: நூலகத்தை ஏற்புக் கடிதம் வந்த பிறகு தேடாதீர்கள், இதழைத் தேர்ந்தெடுக்கும்போதே தேடுங்கள். உங்கள் கட்டுரை அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்பது தெரிகிறது. அதற்கு என்ன செய்யலாம் என்று பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது வழியில் கட்டுரையாளரிடம் கட்டணமே கேட்கப்படுவதில்லை. நூலகங்கள் சேர்ந்து இதழையே தாங்கிப்பிடிக்கின்றன. இதைப் பற்றியும் பிறகு பேச வேண்டும், ஏனென்றால் என் மனம் அங்கேதான் இருக்கிறது.

முதல் வழிக்குத் திரும்புகிறேன். நிதியின் விதிகளைப் படித்தால் கெடுபிடியாகத் தோன்றும். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. வேறு நல்கை இருந்தால் முதலில் அதைப் பயன்படுத்து என்பார்கள். வெளியீட்டுச் செலவுக்கென்றே பணம் வாங்கிவந்தவர், எதுவும் இல்லாதவரின் பங்கைத் தின்றுவிடக் கூடாது அல்லவா? கட்டுரைக்கு ஓர் உச்சவரம்பு வைப்பார்கள். வரம்பு இல்லாவிட்டால் விலை ஏறிக்கொண்டே போகும். நேச்சர் இதழ் 2021-இல் திறந்த அணுகலுக்கு நிர்ணயித்த கட்டணம் 9,500 யூரோ. அப்படி ஒரு கட்டுரைக்குக் கொடுத்தால் நாலைந்து பேருக்குக் கொடுக்க வேண்டியது அதிலேயே போய்விடும். இதழ் டோவாஜ் என்று அழைக்கப்படும் திறந்த அணுகல் இதழ்களின் விவரப்பட்டியலில் இடம்பெற்றிருக்க வேண்டும் என்பார்கள். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் 2003-இல் தொடங்கிய அந்தப் பட்டியலில் சேர, இதழ் தன் சகமதிப்பீட்டு முறை (அதே துறை வல்லுநர்கள் கட்டுரையைச் சரிபார்க்கும் முறை), கட்டணம், உரிமம் எல்லாவற்றையும் வெளிப்படையாகக் காட்ட வேண்டும். பணம் மட்டும் வாங்கிக்கொண்டு மதிப்பீடே செய்யாமல் வெளியிடும் போலி இதழ்களைத் தள்ளிவைக்க இது ஒரு நல்ல முதல் சல்லடை. ஆனால் இறுதிச் சான்றிதழ் அல்ல. பெரிய பதிப்பகத்தின் பெயரும் காப்பு அல்ல: வைலி விலைக்கு வாங்கிய ஹிந்தாவி பதிப்பகத்தின் இதழ்களிலிருந்து 2023-இல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. விருந்தினர் ஆசிரியர்களை வைத்து நடத்தும் சிறப்பிதழ்கள் வழியாகப் போலிக் கட்டுரைகள் நுழைந்ததே இதற்குப் பெருங்காரணம். சுவிட்சர்லாந்தின் தேசிய அறிவியல் நிதியம் 2024 முதல் சிறப்பிதழ்க் கட்டுரைகளுக்குப் பணம் தருவதையே நிறுத்திவிட்டது. சிறப்பிதழுக்கு எழுதுங்கள் என்று உங்களை அழைத்து மின்னஞ்சல் வந்திருந்தால், நூலகம் கூடுதலாக இரண்டு கேள்வி கேட்பதற்கு வருந்த வேண்டாம்.

கலப்பு இதழ்களுக்குப் பணம் இல்லை என்ற விதிதான் அதிகம் கோபத்தைக் கிளப்புகிறது. கலப்பு இதழ் என்றால் சந்தா இதழ். ஆனால் கட்டணம் கட்டும் கட்டுரையை மட்டும் திறந்துவைக்கும். துறையின் மிக மதிப்பு வாய்ந்த பழைய இதழ்கள் பலவும் இந்த வகை. "நல்ல இதழில் வெளியிடுகிறேன், அதற்கு இல்லை என்கிறீர்கள், யாரும் கேள்விப்படாத இதழுக்குத் தருகிறீர்கள்" என்று ஒரு பேராசிரியர் என்னிடம் வெகுண்டு பேசியதுண்டு. அவர் வருத்தம் புரிகிறது. ஆனால் நூலகத்தின் மேசையில் உட்கார்ந்து பார்த்தால் கணக்கு இப்படி இருக்கிறது: அந்த இதழுக்கு ஆண்டுச் சந்தா ஏற்கெனவே கட்டியாயிற்று. அதில் வரும் கட்டுரைக்குத் தனியாகவும் கட்டினால், நாற்று நட்டவரே கூலியும் கொடுத்து, விளைந்த நெல்லையும் விலைக்கு வாங்கிய கதையாகிவிடும். திறந்த கட்டுரைகள் கூடக்கூடச் சந்தா குறையும் என்று பதிப்பகங்கள் சொன்னார்கள். அந்தக் குறைவு தங்கள் கணக்கில் தென்படவில்லை என்பதுதான் நூலகங்களின் நெடுநாள் புகார். வாசிப்பையும் வெளியீட்டையும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசும் ஒப்பந்தங்கள் பிறந்ததற்கு முக்கியக் காரணம் இதுவே. ஆகவே உங்கள் இதழ் கலப்பு இதழாக இருந்தால், நிதிப் படிவத்தை விட்டுவிட்டு ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேளுங்கள். அதே இதழுக்கு ஒரு வாசல் மூடியிருக்க, மற்றொன்று திறந்திருக்கக்கூடும்.

அதோடு, கலப்பு இதழில் நீங்கள் எதுவும் கட்டாமலே வெளியிடலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சந்தா வழியில் வெளியாகட்டும். மதிப்பீட்டுக்குப் பின் திருத்தி நீங்கள் அனுப்பிய இறுதிக் கையெழுத்துப்படியை, அதாவது பதிப்பகம் அச்சுக்கோத்து அழகுபடுத்துவதற்கு முந்தைய வடிவத்தை, பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் போட்டுவைக்கலாம். பெரும்பாலான பதிப்பகங்கள் இதை அனுமதிக்கின்றன. சிலர் உடனே திறக்கலாம் என்பார்கள், சிலர் ஆறு மாதமோ ஓராண்டோ பொறுக்கச் சொல்வார்கள். ஹார்வர்டின் கலை அறிவியல் புலம் 2008-இல் தன் ஆசிரியர்கள் அனைவரின் கட்டுரைகளுக்கும் இந்த உரிமையைப் பல்கலைக்கழகமே முன்கூட்டிப் பெற்றுவிடும்படி விதி செய்தது. அதன் பிறகு பல நிறுவனங்கள் அதே வழியில் போயிருக்கின்றன. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் தாங்கள் நிதி தந்த ஆய்வுகளின் ஏற்கப்பட்ட படிகள் காத்திருப்பு இல்லாமல் பப்மெட் சென்ட்ரல் என்ற இலவச இணையக் களஞ்சியத்தில் கிடைக்க வேண்டும் என்று 2025 ஜூலை முதல் கேட்கின்றன. கட்டணம் கட்டியே ஆக வேண்டும் என்பது அதன் பொருள் அல்ல. படியைக் களஞ்சியத்தில் சேர்த்தால் போதும். கேட்ஸ் அறக்கட்டளை ஒருபடி மேலே போய், 2025 முதல் வெளியீட்டுக் கட்டணங்களுக்குப் பணம் தருவதையே நிறுத்திக்கொண்டு, முன்பதிப்பாக, அதாவது இதழின் மதிப்பீட்டுக்குக் காத்திராமல் இணையத்தில், வெளியிடும்படி ஆய்வாளர்களைக் கேட்கிறது. கட்டணம் ஒன்றுதான் திறந்த அணுகலுக்கு வழி என்ற எண்ணத்தை அதை நிறுவ உதவிய பெரிய நிதியாளர்களே கைவிட்டுவருகிறார்கள்.

மூன்றாவது வழியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன். ஐரோப்பிய அணு ஆராய்ச்சி மையமான செர்ன் ஒருங்கிணைக்கும் ஸ்கோப் திட்டம் 2014-இல் தொடங்கியது. உயர் ஆற்றல் இயற்பியலின் முக்கிய இதழ்களுக்கு நூலகங்கள் கட்டிவந்த சந்தாப் பணத்தை ஒன்றாகத் திரட்டி, அந்த இதழ்களில் அத்துறைக் கட்டுரைகளைத் திறந்துவிட்டார்கள். எந்த நாட்டிலிருந்து எழுதினாலும் கட்டுரையாளர் ஒரு காசும் தர வேண்டாம். ஆனுவல் ரிவ்யூஸ் என்ற லாப நோக்கற்ற பதிப்பகம் வேறொரு யோசனை செய்தது: வழக்கமான சந்தாதாரர்கள் அனைவரும் இந்த ஆண்டும் சந்தா கட்டினால், இந்த ஆண்டின் இதழை உலகத்துக்கே திறந்துவிடுகிறோம். 2023-இல் தன் எல்லா இதழ்களையும் அவ்வாறே திறந்தது. இலக்கியம், வரலாறு போன்ற மனிதவியல் துறைகளுக்கு 2015-இல் வந்த ஓப்பன் லைப்ரரி ஆஃப் ஹியூமானிட்டீஸ் என்ற பதிப்பகம், நூலகங்கள் தரும் சிறுசிறு ஆண்டுத் தொகைகளில் நடக்கிறது. லத்தீன் அமெரிக்கா இதையெல்லாம் எப்போதோ செய்துவிட்டது. பிரேசிலில் 1998-இல் தொடங்கிய சைலோ என்ற திறந்த இதழ்த் தளத்தின் பின்னால் அரசுப் பணமும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. டோவாஜ் பட்டியலில் உள்ள இதழ்களிலேயே பெரும்பாலானவை எழுதுபவரிடம் கட்டணம் கேட்பதில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

நூலகத்தின் பணம் அதிகமாகப் போக வேண்டிய இடம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உங்கள் கட்டணத்தை நூலகம் தந்தால் ஒரு கட்டுரை திறக்கும். அதே அளவு தொகை கட்டணமில்லா இதழ் ஒன்றுக்குப் போனால், அதில் எழுதும் எல்லோருக்கும் கதவு திறக்கும். பணக்காரப் பல்கலைக்கழகங்கள் தங்கள் ஆய்வாளர்களின் கட்டணத்தைக் கட்டிக்கொண்டே போனால், அந்த வசதி இல்லாத நிறுவனத்தில் இருப்பவர் படிக்கலாம், ஆனால் எழுத முடியாது என்றாகிவிடும். ஒரு காலத்தில் படிப்பதற்கு இருந்த மதிலை எழுதுவதற்கு மாற்றிக் கட்டுவது எனக்கு ஏற்பில்லை. வருமானம் குறைந்த நாடுகளில் இருப்பவர்களுக்குப் பதிப்பகங்கள் கட்டண விலக்கு தருவது உண்மை. ஆனால் நடுத்தர வருமானம் என்று வகைப்படுத்தப்பட்ட நாடுகளில், நல்கை இல்லாத ஆய்வாளர்கள் ஏராளமானோர் அந்தச் சலுகைக்கும் வெளியே நிற்கிறார்கள்.

இதையெல்லாம் சொல்வது உங்களை விண்ணப்பிக்க வேண்டாம் என்று தடுக்க அல்ல. நிதி இருக்கும்வரை அது உங்களைப் போன்றவருக்காகவே இருக்கிறது. துறைக் கூட்டத்திலோ நூலகக் குழுவிலோ பேச வாய்ப்புக் கிடைக்கும்போது, கட்டணமில்லா இதழ்களுக்கும் பணம் ஒதுக்குங்கள் என்று ஒரு ஆய்வாளர் கேட்பதற்குத் தனி எடை உண்டு. நூலகர் நூறு முறை சொல்வதைவிட அது நன்றாகக் காதில் விழும்.

இப்போது, உங்கள் கையில் இருக்கும் ஏற்புக் கடிதம். பதிப்பகத்தின் தளத்தில் உரிம ஒப்பந்தத்திலும் கட்டணப் பக்கத்திலும் எதையும் ஏற்காமல் நிறுத்தி வையுங்கள். அங்கே "கட்டணத்தை நானே தருகிறேன்" என்று ஒரு பொத்தானை அழுத்திவிட்டால் ஒப்பந்தத்தின் வழி பல நேரங்களில் அடைபட்டுவிடும். நூலகத்துக்கு இன்றே எழுதுங்கள். "அறிவுசார் தொடர்பு", "திறந்த அணுகல் உதவி" போன்ற பெயரில் தனிப்பிரிவு இருக்கலாம். இல்லாவிட்டால் உங்கள் துறைக்குரிய நூலகருக்கே எழுதலாம். இதழின் பெயர், பதிப்பகம், தொடர்புக் கட்டுரையாளர் யார், அவர் எந்த நிறுவனத்தவர், சமர்ப்பித்த தேதி, ஏற்புத் தேதி, கட்டுரை வகை, கேட்கப்படும் தொகையும் வரியும், ஆய்வுக்கு யாராவது நிதி தந்திருந்தால் அந்த விவரம் ஆகியவற்றை முதல் மடலிலேயே எழுதிவிடுங்கள். நிதி இல்லை என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஏற்புக் கடிதத்தை இணையுங்கள். இவ்வளவும் ஒரே மடலில் இருந்தால் பதில் விரைவாக வரும். இல்லாவிட்டால் ஒவ்வொரு விவரத்துக்கும் மடல் போய்வந்துகொண்டிருக்கும்.

கட்டுரையை உங்களோடு எழுதியவர்களில் ஒருவர் வேறு பல்கலைக்கழகத்தில் இருந்து, அங்கே ஒப்பந்தம் இருக்கிறது, தொடர்புக் கட்டுரையாளராக அவர் பெயரை மாற்றிவிடலாமா என்று தோன்றும். ஏற்புக்குப் பிறகு கட்டணத்துக்காக மாற்றுவதைப் பதிப்பகங்கள் பொதுவாக ஏற்பதில்லை, அது சரியும் அல்ல. ஆனால் உங்கள் நூலகம் பாதியைத் தந்தால், மீதியை அவருடைய நூலகம் தருமா என்று அவர் அங்கே கேட்டுப்பார்ப்பதில் தவறில்லை. சில நிதிகள் இதற்கு இடம் தருகின்றன.

பதிப்பகத்துக்கும் அதே நாளில் ஒரு மடல் அனுப்புங்கள். நல்கை இல்லை என்பதைக் கூறிக் கட்டண விலக்கோ சலுகையோ கிடைக்குமா என்று கேளுங்கள். சில இதழ்கள் சமர்ப்பிக்கும்போதே இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று மறுக்கும், சில இரங்கும். நூலக நிதிக்கு விண்ணப்பித்திருப்பதாகவும், முடிவு வரும்வரை கட்டணச் சீட்டை நிறுத்திவைக்கும்படியும், பின்னர் அனுப்பும்போது உங்கள் பெயருக்கு அல்லாமல் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு அனுப்பும்படியும் அதே மடலில் கேட்டுவிடுங்கள். பெரும்பாலான பதிப்பகங்களுக்கு இது பழகிய கோரிக்கைதான். சில வாரங்கள் பொறுப்பார்கள்.